எத்தனாலுக்கு ஏற்ற எஞ்சின் எங்கே?

2025 ஆகஸ்டில் வண்டி வைத்திருப்பவர்களிடம் எதைப் பேசினாலும் பேச்சு பெட்ரோலில்தான் போய் நின்றது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடெங்கும் பங்க்குகளுக்கு வந்துவிட்டிருந்தது. மைலேஜ் விழுந்துவிட்டது, எஞ்சின் கெடப்போகிறது என்று ஒரு தரப்பு கொதித்தது. அச்சத்துக்கு ஆதாரமில்லை, எத்தனால் ஆக்டேன் கூடிய எரிபொருள், பிக்கப் கூடும், புகை குறையும் என்று பெட்ரோலிய அமைச்சகம் பதில் சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தது. கேள்வி முடியவில்லை.

இரு தரப்பும் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதுதான் சிக்கல். பெட்ரோலைவிட எத்தனால் மட்டமான எரிபொருள் அல்ல. சில விதங்களில் மேலானது. ஆனால் அதன் நல்ல குணங்கள் அதற்கென்று செய்த எஞ்சினில்தான் வெளிப்படும். அதன் குறைகளோ எந்த எஞ்சினில் ஊற்றினாலும் ஊற்றிய அன்றே வெளிப்படும். நம் நாட்டு இ20 திட்டம் குறைகளை எல்லா வண்டிக்காரர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டது. நிறைகளை வாங்கித் தரும் வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறது. என் குறை இந்தத் திட்டத்தின் மேல்தான், எத்தனாலின் மேல் அல்ல.

முதலில் வெப்பக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் அதுதான். ஆக்சிஜன் எரிய உதவுமே தவிர, தானாக எரிந்து வெப்பம் தராது. இந்தக் கணக்கை இ20-க்குப் போட்டால், சுத்தமான பெட்ரோலைவிட லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் வெப்பம் குறைவு என்று வரும். இதில் வாதாட ஒன்றுமில்லை. எந்த எஞ்சினும், எந்த மெக்கானிக்கும் இந்தக் குறையை இல்லாமல் ஆக்க முடியாது. எரிகிற வெப்பத்தில் எவ்வளவை உருப்படியான வேலையாக மாற்றுகிறோம் என்பதில்தான் ஈடுகட்ட இடமிருக்கிறது.

அதே ஆக்சிஜன் எத்தனாலுக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. எஞ்சினின் சக்திக்கு எல்லை வகுப்பது டேங்க்கில் இருக்கும் எரிபொருள் அல்ல, சிலிண்டருக்குள் இழுக்க முடிகிற காற்று. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றைக் கொண்டு கூடுதலான எத்தனாலை எரிக்கலாம். ஒரு கிலோ காற்றுக்கு எவ்வளவு வெப்பம் கிடைக்கிறது என்று வகுத்துப் பார்த்தால் இரண்டு எரிபொருளும் 3 மெகாஜூலை ஒட்டியே நிற்கின்றன. எத்தனாலில் ஓடினால் வண்டி இழுக்காது என்பது இதனால்தான் தவறு. சரியான கலவை கிடைத்தால் இழுவை குறையாது; குடிக்கும் எரிபொருள் கூடும். மைலேஜ் குறைவதையும் இழுவை குறைவதையும் ஒன்றாக்கிப் பேசுவதால் விவாதம் பாதி இடத்தில் குழம்பிப்போகிறது.

அடுத்தது ஆக்டேன். ஏற்றத்தில் டாப் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சினுக்குள்ளிருந்து டக்டக்கென்று ஒரு தட்டல் கேட்கும். அதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவி முடிப்பதற்குள், மூலையில் அழுந்திச் சூடேறிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுவதால் வரும் சத்தம் அது. தொடர்ந்தால் பிஸ்டனின் தலையே ஓட்டையாகும். பெட்ரோல் எஞ்சினின் சக்திக்கு வரம்பு போடுவது இந்த நாக்கிங்தான் என்பதை முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ சோதனைகள் மூலம் நிறுவினார். ஆல்கஹால் வகைகள் நாக்கிங்கை வெகுவாகத் தாங்கும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம். நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவுகோல்தான் ஆக்டேன் எண். எத்தனாலுக்கு அது 108-ஐ ஒட்டியது. நம் ஊர்ச் சாதாரண பெட்ரோலுக்கு நீண்ட காலம் 91 தான்.

தெரிந்திருந்தும் உலகம் வேறு வழியில் போனது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டார். எத்தனாலும் அதைச் செய்யும் என்பது அவருக்கும் அவருடைய மேலாளர் சார்லஸ் கெட்டரிங்குக்கும் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் வடிக்கலாம். ஈயச் சேர்மத்துக்குக் காப்புரிமை எடுக்கலாம். பல தலைமுறைகள் ஈயப் புகையைச் சுவாசித்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுமையாக ஒழிந்தது 2000-இல்தான். எத்தனாலைக் குறைசொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரும். பெட்ரோல் தன் சொந்தத் தகுதியால் மட்டும் ஜெயித்துவிடவில்லை.

ஆக்டேனோடு சேர்ந்து வரும் இன்னொரு குணம் குளிர்ச்சி. கையில் சானிடைசர் தடவியதும் சில்லென்று ஆவதை எல்லாரும் உணர்ந்திருப்போம். ஆல்கஹால் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ஒரே அளவு வெப்பம் தரக்கூடிய பெட்ரோலையும் எத்தனாலையும் எடுத்துக்கொண்டால், எத்தனால் ஆவியாகும்போது ஏறத்தாழ நான்கு மடங்கு சூட்டை உறிஞ்சும். உள்ளே வரும் காற்று குளிர்ந்து அடர்கிறது. நாக்கிங் இன்னும் தள்ளிப்போகிறது.

இந்த இரண்டு குணங்களையும் ஓர் எஞ்சின் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டால் என்ன ஆகும்? 2005-இல் சுவீடனில் வந்த சாப் 9-5 பயோபவர் கார் நல்ல உதாரணம். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். டேங்க்கில் பெட்ரோல் இருந்தால் 150 குதிரைத்திறன். 85 சதவீதம் எத்தனால் கொண்ட இ85 இருந்தால் 180. அதே பிஸ்டன், அதே சிலிண்டர். வால்வும் வால்வு அமரும் இருக்கையும் எரிபொருள் குழாய்களும் மட்டும் எத்தனாலைத் தாங்கும்படி மாற்றப்பட்டிருந்தன. வித்தியாசத்தை உண்டாக்கியது கம்ப்யூட்டர். டேங்க்கில் எத்தனால் இருப்பதை அது கண்டுகொண்டால் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டும், தீப்பொறியை முன்னதாகவே விழவைக்கும். பெட்ரோலில் அப்படிச் செய்தால் நாக்கிங் எஞ்சினைத் தின்றுவிடும், எத்தனால் தாங்கிக்கொள்ளும். சுவீடனின் இன்னொரு நிறுவனமான கோனிக்செக், 2007-இல் தன் சிசிஎக்ஸ் காரை எத்தனாலுக்கு மாற்றிச் சிசிஎக்ஸ்ஆர் என்று கொண்டுவந்தபோது 806 குதிரைத்திறன் 1018 ஆனது. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்கள் அதே 2007-இல் எத்தனாலுக்கு மாறின. பந்தயத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது முதல் கேள்வி இல்லை. அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்தால் எத்தனால் அலட்டாமல் ஜெயிக்கும்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 2019 ஜூலையில் அப்பாச்சி ஆர்டிஆர் 200 பைக்கை முழு எத்தனாலில் ஓடும்படி செய்து விற்பனைக்கு அறிவித்தது. 21 பிஎஸ் சக்தி. 200 சிசி பெட்ரோல் பைக்கிடம் எதிர்பார்ப்பது எதுவோ அது கிடைத்தது. தமிழ்நாட்டுத் தொழிற்சாலையால் இதைச் செய்ய முடியும் என்பது அன்றே ருசுவாகிவிட்டது. ஆனால் அதற்கு எத்தனால் ஊற்றப் பங்க் இல்லை. எத்தனால் 100 என்ற பெயரில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் விற்பனை தொடங்கியது 2024 மார்ச்சில். வண்டிக்கும் பங்க்குக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு இடைவெளி. பங்க் இல்லாமல் வண்டியை யார் வாங்குவார்கள்? வண்டி ஓடாத ஊரில் பங்க்கை யார் திறப்பார்கள்?

இனி, நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு வருவோம். அது டர்போ காருமல்ல, எத்தனால் பைக்குமல்ல. பெட்ரோலுக்கென்று வடிவமைத்த 100, 125 சிசி வண்டி. அதன் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு, பத்தை ஒட்டி இருக்கும். அதைக் கூட்டினால்தான் இ20-இன் ஆக்டேன் பலன் வெளியே வரும். எவ்வளவு வரும் என்று ஒரு பாடப்புத்தகக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சினின் பாடப்புத்தக மாதிரியான, இழப்பே இல்லாத ஓட்டோ சுழற்சி என்று வைத்துக்கொண்டால், விகிதம் 10 ஆக இருக்கும்போது வெப்பத்தில் 60.2 சதவீதம் வேலையாகும். 11 ஆனால் 61.7. 13 ஆனால் 64.2. இ20-ஆல் போகிற 6 முதல் 7 சதவீத வெப்பத்தை முழுசாக ஈடுகட்ட விகிதம் 10-இலிருந்து 13-க்குப் போக வேண்டும் என்று ஆகிறது. நிஜ எஞ்சினில் பலன் இதைவிடக் குறைவு. இ20-க்கு அரசு சொல்லும் ஆக்டேன் 95. 91-இலிருந்து 95-க்கு ஏறிய ஆக்டேன், விகிதத்தை ஏறக்குறைய ஒரு புள்ளி கூட்டத்தான் இடம் தரும். இழப்பில் மூன்றில் ஒரு பங்கு போல மீளும், அவ்வளவுதான். அதுவும் எஞ்சினை மாற்றி வடிவமைத்தால். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் கம்ப்ரஷனை யாரும் பிரித்து மாற்றப்போவதில்லை. அந்த வண்டிக்காரருக்குக் கூடுதல் ஆக்டேனால் பெரிய பயன் எதுவும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எப்போதும் எஞ்சினுக்கே வந்து சேரும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைகள், அவர்கள் அளவையில் 84 ஆக்டேன் உள்ள மலிவான பெட்ரோலைத் தயாரித்து, 10 சதவீதம் எத்தனால் சேர்த்து 87 ஆக்கி விற்கின்றன. அந்த முறையில் எத்தனாலின் ஆக்டேன் லாபம் ஆலையிலேயே தங்கிவிடுகிறது. மைலேஜ் இழப்பு மட்டும் வண்டிக்காரரோடு போகிறது.

நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் கலப்பு வழித்தட அறிக்கை இந்த இழப்பை மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சீர்செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே வகை இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சீர்செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் எரிபொருள் சிக்கனம் குறையும் என்று அது தெளிவாகவே எழுதியது. கூடவே நல்ல செய்தியும் இருந்தது: இ20-ஆல் இருசக்கர வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு பாதியாகவும், கார்களில் 30 சதவீதமும் குறையும் என்றது. சென்னை சிக்னலில் பைக்கின் பின்னால் நின்று மூச்சுவிடுகிறவர்கள் இந்த நல்ல செய்தியையும் மதிக்க வேண்டும்.

மைலேஜ் 15, 20 சதவீதம் போய்விட்டது என்று சொல்கிறவர்களின் புகாரை எப்படி எடுத்துக்கொள்வது? 2022 ஜூனிலேயே நாடு சராசரியாக இ10-ஐ எட்டிவிட்டது. இ10-இலிருந்து இ20-க்குப் போகும்போது வெப்பத்தில் குறைவது 3.5 சதவீதம்தான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த பைக் 48 கொடுக்கலாம். 40 ஆகிவிட்டது என்றால் அதற்கு எத்தனாலின் வெப்பக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. புகாரைப் பொய் என்று தள்ளவும் கூடாது. அந்த வண்டிக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

என்ன நடக்கக்கூடும் என்பதைப் பழைய கார்புரேட்டர் வண்டியில் கண்ணாலேயே பார்க்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வரும்வரை நம் ஊர் பைக்குகளும் மொபெட்டுகளும் பெரும்பாலும் கார்புரேட்டரில்தான் ஓடின. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடுவது மெயின் ஜெட் என்ற பித்தளைத் துளை. துளையின் அளவு மாறாது. உள்ளே வருவது எந்த எரிபொருள் என்று அதற்குத் தெரியாது. இ20 சரியாக எரிய வேண்டிய காற்று விகிதம் 14.7 அல்ல, 13.5-ஐ ஒட்டியது. பழைய ஜெட் பழைய அளவையே விடும். கலவையில் காற்று மிஞ்சும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் சாம்பல் வெளுப்பாக இருக்கும். காலையில் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆகாது, ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் போகும், சூடு கூடும். ஓட்டுகிறவர் பிக்கப் போதவில்லை என்று இன்னும் முறுக்குவார். மைலேஜ் கணக்கு எதிர்பார்த்ததைவிடக் கீழே போவது இப்படித்தான். ஒரு சைஸ் பெரிய ஜெட் மாட்டி, ட்யூனிங் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். அந்த ஆலோசனையைப் பங்க்கில் யாரும் எழுதி ஒட்டவில்லை.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் நிலைமை மேல். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் காற்று மிஞ்சுவதைச் சொன்னதும் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகும்போது மட்டும் பல வண்டிகள் சென்சாரைக் கேட்காமல், ஏற்கெனவே எழுதிவைத்த கணக்கின்படி ஓடும். அங்கே கணக்கு இ20-க்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ரப்பரும் தண்ணீரும் தனிக் கதை. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்க்கில் பல வருடம் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். பழைய வகை ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் ஊதவைக்கும் அல்லது விறைக்கவைக்கும். துத்தநாகம், அலுமினியம் கலந்த பாகங்களை, ஈரம் சேர்ந்தால் அரிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் தானே இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தினம் ஓடும் வண்டிக்கு இந்தப் பயம் தேவையில்லை. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிக்கும், மழைநீர் புகுந்த பங்க் தொட்டிக்கும் தேவை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இ20-ஐத் தாங்கும் பொருட்கள்தான் இருக்கின்றன. அதற்கு முந்தைய வண்டிகள்தான் கேள்வி, சாலையில் அவை ஏராளம்.

பிரேசில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது? 1975-இல் ப்ரோஆல்கூல் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1979-இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. குளிரில் எத்தனால் எளிதில் ஆவியாகாது என்பதால் ஸ்டார்ட் செய்வதற்கென்றே சின்ன பெட்ரோல் டேங்க் ஒன்றை வைத்தார்கள். (உதகை தவிர்த்து நமக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.) 2003-இல் வோக்ஸ்வாகன் கோல் காரில் எந்த விகிதத்திலும் ஓடும் ஃப்ளெக்ஸ் எஞ்சின் வந்தது. இன்று அங்கே பங்க்குக்குப் போகிறவர் இரண்டு விலைகளைப் பார்க்கிறார். எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். வெப்பக் குறைவைச் சாதாரண மக்கள் தாங்களே விலையில் கழித்துக்கொள்கிறார்கள். அங்கே பெட்ரோலிலும் எத்தனால் கட்டாயம்தான். 27 சதவீதமாக இருந்தது 2025 ஆகஸ்டில் 30 ஆனது. ஆனால் அந்த நாட்டின் எஞ்சின்கள் அதற்கென்று வளர்ந்தவை. 1975-இலிருந்து கணக்கிட்டால் ஐம்பது ஆண்டுப் பழக்கம். நாம் 2014-இல் ஒன்றரை சதவீதத்தில் இருந்தோம். 2030 என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு இழுத்து எட்டியும்விட்டோம். வேகம் பெருமைக்குரியதுதான். எஞ்சின் மட்டும் அந்த வேகத்தில் மாறாது, ஏனென்றால் இந்தியாவில் ஒரு பைக் பதினைந்து வருடம் ஓடும்.

கரும்புக்குச் செலவாகும் தண்ணீரும், உணவு தானியத்தை எரிபொருளாக்குவதும் இந்தத் திட்டத்தின் மேல் இருக்கும் கனமான கேள்விகள். ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. அது தனியாக எழுத வேண்டிய கட்டுரை. இங்கே எஞ்சினோடு நிற்கிறேன்.

விலையை மட்டும் விட முடியாது. லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் வெப்பம் குறைந்த பொருளை அதே விலைக்கு வாங்குகிறோம். எத்தனால் மலிவு இல்லை, மக்காச்சோள எத்தனாலை எண்ணெய் நிறுவனங்கள் 2024-25-இல் லிட்டர் 71 ரூபாய் 86 காசுக்கு வாங்கின என்பது அரசின் பதில். அது நியாயமான பதில்தான். கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் என்பதும் மெய். ஆனால் அந்த மிச்சம் நாட்டுக்கு, மைலேஜ் இழப்பு தனி மனிதருக்கு. உணவு டெலிவரி செய்கிற இளைஞர் தினம் இரண்டு லிட்டர் போடுகிறார் என்றால், அந்தச் சில ரூபாய் அவர் வருமானத்திலிருந்துதான் போகிறது. இந்த இழப்புக்கு ஈடாக இ10-க்கும் இ20-க்கும் வரிச்சலுகை தருவதை யோசிக்கலாம் என்று அதே 2021 அறிக்கை பரிந்துரைத்திருந்தது. பழைய வண்டிகளின் பாதுகாப்புக்கு இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதும் அதன் திட்டத்தில் இருந்தது. இரண்டையும் நடைமுறைப்படுத்தியிருந்தால் ஆகஸ்ட் மாதக் கொந்தளிப்பில் பாதி எழுந்திருக்காது.

இப்போது இ27 பற்றிய பேச்சு தொடங்கியிருக்கிறது. அதே வெப்பக் கணக்கை அதற்குப் போட்டால் சுத்த பெட்ரோலைவிட 9 சதவீதம் குறைவு என்று வருகிறது. அந்த அளவுக்குப் போவதென்றால் முதலில் வர வேண்டியது அதற்கேற்ற ஆக்டேன் உறுதியும், அதைப் பயன்படுத்தும் உயர் கம்ப்ரஷன் எஞ்சினும். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அந்த எஞ்சினைச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்த எரிபொருள், எத்தனை ஆக்டேன் என்று அவர்களுக்கு முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வேண்டும். பங்க் நாசிலில் எத்தனால் சதவீதத்தையும் ஆக்டேன் எண்ணையும் கண்ணில் படும்படி எழுத வேண்டும். 2023-க்கு முந்தைய வண்டிகளுக்கு ஊருக்கு ஒரு பங்க்கிலாவது இ10 இருக்க வேண்டும். லிட்டர் விலையில் வெப்பக் குறைவைக் கழித்துத் தர வேண்டும்.